முல்லைக்கு வைத்த தண்ணீர்

அடைக்கலராஜ் அண்ணன் கட்டின பெண்டாட்டியைக்கூட இவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டதில்லை என்று, அவருடைய தண்ணீர்த் தொட்டியைக் காட்டிச் சூசைக்காட்டில் எல்லோரும் கேலி பேசுவோம். என் கொல்லைக்கும் அவர் தோட்டத்துக்கும் நடுவே ஒரு கிளுவை வேலிதான். விடிந்தால் அவர் முகத்தில்தான் விழிப்பேன். அதனால் கேலி பேசுவதில் எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் பாத்தியதை இருந்தது.

பட்டுக்கோட்டையிலிருந்து கடலைப் பார்த்து வரும் டவுன்பஸ், இதற்கு மேல் போக வழியில்லாமல் திரும்புகிற ஊர் எங்களுடையது. கடைமடைக்கும் கடைமடை. மேட்டூரைத் திறந்துவிட்டார்கள் என்று டிவியில் சொல்வார்கள். அந்தத் தண்ணீர் எங்கள் வாய்க்காலை எட்டிப் பார்ப்பதற்குள் மூடிவிட்டார்கள் என்றும் சொல்லிவிடுவார்கள். முன்பெல்லாம் போர் தண்ணீராவது நன்றாக இருந்தது. சுற்றிலும் இறால் குட்டைகள் வந்த பிறகு அதுவும் கரிக்கத் தொடங்கியது. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. தென்னையைப் புயல் கொண்டுபோன ஆத்திரத்தில் பாதிப் பேர் நிலத்தைக் குட்டைக்கு விட்டுவிட்டு வெளியூர் போய்விட்டார்கள். அடைக்கலண்ணன் மட்டும் அசையவில்லை. அவரிடம் இருந்தது அரை மா நிலத்தில் ஒரு முல்லைத் தோட்டம். அக்னஸ் அண்ணி பதியன் போட்டு, ஒவ்வொரு செடியாக வைத்து வளர்த்தது. கோடையில் மொட்டுக்கு நல்ல கிராக்கி. அண்ணி விடியுமுன் பறித்துக் கொடுத்தால் முதல் பஸ்ஸில் அண்ணன் பூக்கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வருவார்.

போர் கரித்ததும் அந்தச் செடிகளுக்காகத்தான் அவர் தரைக்குள் பள்ளம் தோண்டித் தொட்டி கட்டினார். வீட்டுக் கூரையில் விழுகிற மழை மொத்தமும் கூரை விளிம்பில் மாட்டிய தகரக் காலாய் வழியாக அதில் வந்து இறங்கும். முதல் மழையை உள்ளே விட மாட்டார். கூரையைக் கழுவிக்கொண்டு அது வெளியே ஓடட்டும் என்பார். குழாய் வாயில் நைலான் வலை. வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும் என்று மேலே தென்னங்கீற்றுத் தடுக்கு. தண்ணீர் சும்மா கிடந்தால் செத்துப்போகும் என்று தினமும் காலையில் மூங்கில் கழியை விட்டு, நல்ல மூச்சு வாங்கும்வரை கலக்குவார். கொசுப்புழு தின்பதற்குச் சுகாதாரத்துறை ஆட்கள் கொண்டுவந்து விட்ட பொடிமீன்களும் அதில் இருந்தன. மீன் விட்ட நாளிலிருந்து அந்தத் தண்ணீரை நாங்கள் யாரும் வாயில் வைப்பதில்லை. அது முல்லைக்கென்றே ஆகிப்போனது.

போன கிறிஸ்துமஸுக்கு மகன் ரெஜின் திருச்சியிலிருந்து வந்திருந்தான். அங்கே லேத் பட்டறை வைத்திருக்கிறான், நல்ல பையன். பலகாரத் தட்டோடு என்னைக் கூப்பிட வந்தவன் வேலியோரமே பேச்சை ஆரம்பித்துவிட்டான்.

"சித்தப்பா, நீங்களே சொல்லுங்க. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் பண்ணி ஒரு வருஷங்கூட ஆவல. இவரு குடத்தத் தூக்கிட்டு நடக்குறாரு."

"நான் எங்கடா தூக்குறேன்? உங்கம்மாதான் தூக்குறா" என்றார் அடைக்கலண்ணன்.

"அத வேற பெருமையா சொல்லுங்க."

"பேசாம எங்ககூட வந்து இருங்கன்றான்" என்றாள் அண்ணி என்னிடம். "மூணாவது மாடில நான் என்ன தம்பி பண்ணுவேன்? காலத் தொங்கப்போட்டு ஒக்கார ஒரு எடம் உண்டா? இங்க விடிஞ்சா பூப்பறிக்கணும்னு ஒரு வேல இருக்கு. அந்த வேலதான் என்னய எழுப்புது."

ரெஜின் செடிகள் பக்கம் திரும்பினான். பிறகு, "சரி, இந்த ஒரு கோடை. வைகாசி வரைக்கும் செடி நின்னுச்சுன்னா நான் இனி வாயத் தொறக்க மாட்டேன். பட்டுப்போச்சுன்னா எறால் குட்ட துரைராசண்ணன்கிட்ட நெலத்தக் குடுத்துட்டு ரெண்டு பேரும் பொட்டியக் கட்டணும். பரிதி சித்தப்பாதான் சாட்சி" என்றான்.

"நிக்கும்டா. தொட்டி ரொம்பிக் கெடக்கு. அது கெடாம இருந்தா போதும்" என்று அண்ணன் ஒத்துக்கொண்டார். வாயில் அதிரசம் இருந்ததால் நானும் தலையாட்டினேன்.

மாசி பிறந்த நேரத்தில் தண்ணீர் நாறத் தொடங்கியது. தடுக்குக்கு அடியில் ஒரு எலி செத்து விழுந்து ஊறிக் கிடந்திருக்கிறது. எலியை எடுத்தும் நாற்றம் போகவில்லை. என் வீட்டுச் சோற்றுத் தட்டு வரைக்கும் வந்தது. அண்ணன் பதறிப்போனார். கரியைச் சாக்கில் கட்டி உள்ளே இறக்கினார். அடியில் கிடந்த சகதியை வாளியால் மொண்டு கொட்டினார். காலையில் மட்டும் கலக்கியவர் மூன்று வேளையும் கலக்க ஆரம்பித்தார். ஆபரேஷன் செய்த இடத்தில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர் கழியோடு நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

"விடுங்கண்ணே, நான் கலக்குறேன்" என்பேன்.

"ஒனக்கு அடிவரைக்கும் போவாது பரிதி. மேலாக்கத் தடவிக் குடுத்துட்டு வந்துருவ."

அதே சமயத்தில்தான் தவக்காலமும் தொடங்கியது. எங்கள் ஊர் அந்தோணியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை விசேஷம். சுற்று வட்டாரத்திலிருந்து எல்லாச் சாதி, எல்லா மதத்து ஜனங்களும் வந்து கொடிமரத்தடியில் உப்பும் மிளகும் கொட்டுவார்கள். அந்த உப்பு கரைவதைப் போலத் தங்கள் நோயும் துன்பமும் கரைய வேண்டும் என்பது வேண்டுதல். என் மனைவியும் தீராத தலைவலிக்குக் கொட்டியிருக்கிறாள். தவக்காலம் முழுக்கச் செவ்வாய்தோறும் கோயிலைக் கூட்டிப் பெருக்குவதாக அக்னஸ் அண்ணி நேர்ந்துகொண்டிருந்தாள். வெயில் ஏறுமுன் வயர்கூடையோடு போவாள், கனத்த கூடையோடு திரும்புவாள். என்ன அண்ணி என்று கேட்டால், "வேண்டுதல் தம்பி, வெளிய சொல்லக் கூடாது" என்று சிரிப்பாள். பொம்பளை வேண்டுதலில் நமக்கென்ன வேலை என்று நானும் விட்டுவிட்டேன்.

கொஞ்ச நாளில் நாற்றம் நின்றுவிட்டது. அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். கழியைத் தோளில் வைத்துக்கொண்டு என் கொல்லைக்கே வந்து, "மோந்து பாரு, மோந்து பாரு" என்று கையில் தண்ணீரை ஏந்திக் காட்டினார். அண்ணி பின்னால் நின்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அவரவர் சந்தோஷம் அவரவருக்கு.

பங்குனியில் முல்லை காயத் தொடங்கியது. முதலில் இலை ஓரம் மட்டும் தீய்ந்தாற்போல் பழுப்பானது. வெயில் என்றார் அண்ணன். வெயிலென்றால் என்ன செய்வது, தண்ணீரைக் கூட்டிக் கொடுப்பது. அண்ணி செடிக்கு அரைக்குடம் ஊற்றியவள் முக்கால் குடம் ஊற்றினாள். மொட்டுகள் கடுகளவில் நின்று உதிர்ந்தன. பட்டுக்கோட்டைக்குப் பூ கொண்டுபோவது நின்றுபோனது. பூச்சியோ என்று வேப்பெண்ணெய் அடித்துப் பார்த்தார். வேரழுகலோ என்று ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தார். வேர் அழுகவில்லை, கருத்துச் சுருண்டிருந்தது.

"தண்ணியில எதுவும் கோளாறு இருக்குமோ அண்ணே?" என்று நான்தான் கேட்டேன்.

"மீனு எப்புடி ஓடுது பாரு. தண்ணி கெட்டுச்சுன்னா மொதல்ல சாவுறது அதுதான்."

மீன்கள் உண்மையில் நன்றாகத்தான் ஓடின. அந்தப் பொடிமீன் சாக்கடையிலும் பிழைக்கும், கழிமுகத்திலும் பிழைக்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

"மழத்தண்ணிய விடவா நல்ல தண்ணி?" என்றாள் அண்ணி. இடுப்பில் குடத்தோடு ஒவ்வொரு செடியாகக் குனிந்து, "குடிங்கடி, குடிங்க" என்று அவள் ஊற்றிக்கொண்டு போனது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

குருத்தோலை ஞாயிறு கழிந்த மறுநாள் துரைராசு வந்தார். இறால் குட்டைக்காரர் என்றால் உடனே கொடியவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவரும் நெல் போட்டு, தென்னை போட்டு, எல்லாம் போய், கடைசியில் இறாலுக்கு வந்தவர். மேற்குப் பக்கம் அண்ணன் தோட்டத்தை ஒட்டியே அவர் குட்டை. "ரெஜின் போன் பண்ணுச்சு. சும்மா பாத்துட்டு வரச் சொன்னுச்சு" என்று சங்கடத்தோடு வேலியைத் தாண்டி வந்தார். சட்டைப்பையில் உப்பளவு பார்க்கிற கருவி இருந்தது. கையளவுக் குழல், ஒரு பக்கம் சொட்டு விட்டு மறுபக்கம் கண்ணை வைத்துப் பார்ப்பது. குட்டைக்காரர்கள் அது இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார்கள். செடிகளைச் சுற்றிப் பார்த்தவர் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"என்னண்ணே, இதுல போர் தண்ணியக் கலந்தீங்களா?"

"கலப்பனா? மழத்தண்ணிய்யா அது."

"உப்பு காட்டுதே. போர் தண்ணியக்கூட மிஞ்சும்போல இருக்கு. நாக்குல வச்சுத்தான் பாருங்களேன்."

அண்ணன் கையால் அள்ளி வாயில் வைத்தார். துப்பவில்லை, விழுங்கினார். அவர் முகம் மாறிய விதத்தைப் பார்த்து நானும் ஒரு விரல் தொட்டு வைத்தேன். கரித்தது. எங்கள் போர் தண்ணீரைவிடக் கரித்தது.

"ஓங் குட்டத் தண்ணிதான்" என்றார் அண்ணன். "மேலண்டச் சொவரு வெடிச்சு ஊறியிருக்கு. பாவி, ஒம் பக்கத்துலேந்துதான் ஊறியிருக்கு."

"அண்ணே, என் குட்ட தை மாசத்துலேந்து காஞ்சு கெடக்குண்ணே. வந்து பாருங்க."

"பேசாத! நெலத்தத் தரலன்னுதான இப்புடிப் பண்ற? பொழச்சுப் போறவன் வயித்துல உப்ப வச்சுட்டியே!"

துரைராசு வயசுக்கு மரியாதை கொடுத்துத் தலையைக் குனிந்துகொண்டார். அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்த அண்ணி, "என்னங்க, என்னங்க" என்று பதறினாள். அண்ணன் ஏணியைத் தொட்டிக்குள் இறக்கச் சொன்னார். வெடிப்பைக் காட்டி அந்த இடத்திலேயே பஞ்சாயத்து வைக்கப்போகிறாராம். தண்ணீர் அப்போது முழங்காலுக்குத்தான் இருந்தது. நான் மேலே மண்டியிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே இறங்கியவர் சுவரை அடி அடியாகத் தடவினார். மேற்குச் சுவர், தெற்குச் சுவர், மூலைகள். எங்கும் வெடிப்பில்லை. பிறகு அடித்தரையைக் கையால் துழாவினார். கை நிறையச் சகதியை அள்ளி, விரலால் அலசி, உள்ளங்கையை விரித்தார். கறுப்பாக, ஊறி உப்பிய மிளகுகள். இன்னொரு கை அள்ளினார். அதிலும் மிளகு.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்கும் புரிந்துவிட்டது. எனக்குப் பின்னால் அண்ணி, "ஓட்ட தெரியுதா? எந்தப் பக்கம்னு சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் குரலில் துளி கள்ளம் கிடையாது. மந்திரித்த உப்பு அவளைப் பொறுத்தவரை உப்பே கிடையாது, மருந்து. நாற்றம் கரைய வேண்டும், செடி நிற்க வேண்டும் என்று செவ்வாய் செவ்வாயாக அவள் கொண்டுவந்து கரைத்த மருந்து. தண்ணீர் குறையக் குறைய அது ஏறிக்கொண்டே போயிருக்கிறது. செடி வாடியதைப் பார்த்து இன்னும் கூட்டித்தான் போட்டிருப்பாள்.

அண்ணன் கையை மூடிக்கொண்டார். பிறகு மிளகைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு மேலே ஏறி வந்தார்.

"ஓட்ட இல்ல. துரைராசு, நீ மன்னிச்சுக்கப்பா. நாந்தான் போர் தண்ணிய விட்டேன்."

"என்னது?" என்றாள் அண்ணி.

"தொட்டி கொறைஞ்சுகிட்டே போச்சு. வைகாசி வரைக்கும் பத்தாதேன்னு பயந்துட்டேன். நீ கோயிலுக்குப் போற நேரமாப் பாத்து மோட்டாரப் போட்டு விட்டேன். கொஞ்சம்தானேன்னு விட்டேன்."

அண்ணி கரண்டியைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, அதையா எங் கையாலயே மொண்டு மொண்டு ஊத்துனேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணன் குனிந்து ஈர வேட்டியைப் பிழிந்தார். துரைராசு மட்டும், "போர் தண்ணிக்கு இவ்வளவு காட்டாதேண்ணே" என்று ஏதோ ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். விவரமான மனுஷன், நிறுத்திக்கொண்டார்.

அன்றைக்கே அண்ணன் என்னை அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். இது அண்ணி கைவேலையாக இருக்காது என்று மனசுக்குள் எங்கோ ஒரு சின்ன ஆசை மிச்சம் இருந்திருக்க வேண்டும். கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை ஜெக்கரியா பந்தலுக்குக் கீற்று கட்டிக்கொண்டிருந்தார்.

"காணிக்க உப்பெல்லாம் இப்ப எங்க கொட்டுறீங்க?"

"முன்னல்லாம் உப்பங்கழில கொண்டுபோய்க் கொட்டுவேன். இப்பதான் அக்னஸ் அள்ளிட்டுப் போவுதே, ஒரு சாக்குக்குமேல போயிருக்கும். ஏன், வீட்ல சொல்லலியா?"

"சொன்னா, சொன்னா" என்றார் அண்ணன்.

திரும்பி வருகிற வழியில் அவர் வாய்க்கால் மதகுக்குக் கிட்டே வந்ததும் சட்டைப்பையிலிருந்த மிளகை எடுத்து வறண்ட வாய்க்காலில் உதறினார்.

பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் கஞ்சி ஊற்றுவார்கள். பச்சரிசியும் பாசிப்பயறும் தேங்காயும் போட்டுக் காய்ச்சின கஞ்சி, தொட்டுக்க மாங்காய்த் துவையல். நாங்களும் போவோம், எல்லா வீட்டுக்காரர்களும் வருவார்கள். வருஷா வருஷம் அக்னஸ் அண்ணிதான் பந்தியில் ஊற்றுவாள். அன்றும் ஊற்றினாள். எனக்கு ஊற்றினாள், எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த அண்ணனைத் தாண்டிப் போய் அதற்கடுத்த ஆளுக்கு ஊற்றினாள். பந்தியே பார்த்தது. அண்ணன் மந்தார இலைத் தொன்னையை மடித்துக்கொண்டு எழுந்தார். என் தொன்னையிலிருந்து பாதியை அவருக்குச் சாய்க்கப் போனேன். "வேணாம் பரிதி, ஒருசந்தி நோன்புதான இன்னக்கி" என்று சிரித்தார்.

ஊரெல்லாம் அதுவே பேச்சானது. அவ்வளவு பொத்திப் பொத்தி வைத்த தண்ணீரில் தானே உப்பை விட்ட முட்டாள் என்று டீக்கடையில் சிரித்தார்கள். முன்பு கேலி பேசிய அதே வாய்கள். இந்தத் தடவை நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஒரு மழை வந்து மண்ணிலிருந்த உப்பைக் கழுவினால் பிழைக்குமோ என்று ஈஸ்டர் கழிந்தும் இரண்டு வாரம் பார்த்தார்கள். வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. முல்லை வேரோடு பட்டுப்போனது. ரெஜின் வந்தான். தகப்பனைத் திட்டவில்லை, அதுவே அதிகமாக வலித்தது. "சொன்ன சொல்லுதானப்பா" என்றான். "ஆமாடா" என்றார் அண்ணன். மேற்குப் பக்கமிருந்து துரைராசுவின் பொக்லைன் வந்து வேலியோரம் நின்றது. அவர்கள் கிளம்பின பிறகுதான் கை வைக்க வேண்டும் என்று துரைராசு டிரைவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கிளம்புகிற அன்று சாமான்களை மினி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். கட்டிலைத் தூக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றபோது அண்ணனும் நானும் மட்டும் இருந்தோம். என்னால் அடக்க முடியவில்லை.

"அண்ணே, அண்ணிகிட்ட சொல்லிருங்க. ஊரு சிரிச்சாச் சிரிக்குது, கட்டினவளே ஒங்கள இப்புடிப் பாக்கணுமா? இன்னும் எத்தன நாளைக்கு?"

"சொல்லி?"

"உண்ம தெரியட்டும்."

அவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "தெரிஞ்சா அவ இனிமே கோயில் வாசப்படிய மிதிக்க மாட்டா பரிதி. தன்னையே தின்னுபோட்டுருவா. அங்க மூணாவது மாடில அவளுக்கு வேற என்ன இருக்கு, சொல்லு? எம்மேல கோவமா இருந்தா இருந்துட்டுப் போறா. கோவமா இருக்கறவ சோறாவது திம்பா."

நான் கயிற்றின் மறுமுனையை இழுத்துக் கட்டினேன்.

அண்ணி முன்சீட்டில் மகனுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அண்ணன் பின்னால், பாத்திர மூட்டைகளுக்கு நடுவே. என் மனைவி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அண்ணி அழவில்லை. ஜன்னல் வழியே தலையை நீட்டி, பின்னால் இருப்பவருக்கும் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னாள்:

"அந்தோணியாரு ஒரு கொறையும் வைக்கல தம்பி. நான் வேண்டிக்கிட்டபடி நாத்தத்த எடுத்தாரு, தண்ணியச் சுத்தமாக்கிக் குடுத்தாரு. இந்த மனுசந்தான் உப்பக் கலந்து எல்லாத்தையும் அழிச்சுப்புட்டாரு. சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

வண்டி உறுமியது. நான் அண்ணனைப் பார்த்தேன். மூட்டைகளுக்கு நடுவிலிருந்து அவர் எட்டிப் பார்த்து, அவளுக்குக் கேட்கும்படி என்னிடம் சொன்னார்:

"அவ சொல்றதுதான் பரிதி. அவ ஒரு தப்பும் பண்ணல."